பெட்டி கட்டும்போதே தொடங்கும் வினை

ஒரு செயல் எப்போது தொடங்குகிறது? கை அசையும்போது என்பது உலக வழக்கு. ஆனால் நம் ஆசார்யப் பெருமக்கள் வினையின் தொடக்கத்தை இன்னும் பின்னோக்கிச் சென்று தேடினர். கை அசைவதற்கு முன் கருவி சேர்க்கப்படுகிறது; கருவி சேர்ப்பதற்கு முன் எண்ணம் எழுகிறது. எண்ணம் எழுந்த இடத்திலேயே வினை வந்து சேரும் வாயில் திறந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. இவ்வுண்மையை ஏட்டில் படிப்பது எளிது. அன்றாட வாழ்வில் பொருத்திப் பார்ப்பதே அரிது. ஆகவே இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் துணையால் இதனை ஆராய்வோம்.

நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் பணிக்காகவும் அமெரிக்கா முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் விளைவித்த குடும்பங்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். வீட்டில் இரவு உணவு தவிர்த்தும், நீரை வடிகட்டிப் பருகியும் வளர்ந்தவர்கள். அத்தகைய ஓர் இளைஞருக்கு அலுவலக நண்பர்களிடமிருந்து இப்படி ஓர் அழைப்பு வரக்கூடும்: “மொன்டானா மாநிலத்துக்கு மூன்று நாள் மீன்பிடிப் பயணம் செல்கிறோம். வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். மீனை நாங்கள் உண்பதில்லை, கொல்வதுமில்லை. பிடித்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவோம். நீயும் வரலாமே?”

கொல்லுதல் இல்லை, உண்ணுதல் இல்லை என்றால் இதில் என்ன குற்றம் என்று அவ்விளைஞர் தம் பெற்றோரைக் கேட்டால் என்ன விடை கூறுவது? ‘மீன் பிடிப்பது பாவம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆயினும் காரணம் கூறாத விடை படித்த பிள்ளையின் உள்ளத்தில் நிலைபெறாது. எனவே அப்பயணத்துக்கு அவர் எடுத்துவைக்க வேண்டிய பெட்டியையே திறந்து பார்ப்போம்.

ஈத்தூண்டில் என்னும் கலை

ஃப்ளை ஃபிஷிங் என்று அந்நாட்டார் வழங்கும் இதனைத் தமிழில் ஈத்தூண்டில் எனலாம். நம் ஏரிகளில் மண்புழுவைக் கோத்துப் போடும் தூண்டில் போன்றதன்று இது. இறகு, மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சிறு முள்ளின் மேல் சுற்றிக் கட்டி, நீர்மேல் வந்தமரும் பூச்சியைப் போலவே செய்த பொய் ஈயே இங்கு இரையாகும். அவ்வீக்குத் தனி எடை இல்லாமையால், கனமான நூலை நீண்ட கோலால் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் எடையைக் கொண்டே ஈயை நீரின் மேல் மெல்ல இறக்குவர். 1496-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றிலேயே பொய் ஈக்கள் கட்டும் முறை கூறப்பட்டுள்ளது. 1653-இல் ஐசக் வால்டன் வெளியிட்ட தூண்டில் நூல் ஆங்கில உரைநடையில் இன்றளவும் போற்றப்படுகிறது. இக்கலையில் ஈடுபடுவோர் பலர் கற்றவர்கள், இயற்கையை நேசிப்பவர்கள். இதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவரைக் கொடியவர் என்று வைத்துக்கொண்டால் ஆராய்ச்சி எளிதாகிவிடும், உண்மையோ நழுவிவிடும்.

மொன்டானாவின் மேடிசன், யெல்லோஸ்டோன் முதலிய ஆறுகள் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்குப் பெயர் பெற்றவை. அங்கே அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் படகில் அழைத்துச் சென்று, எந்த வளைவில் எந்த நேரத்தில் எந்த ஈயைப் போட வேண்டும் என்று சொல்லித் தருகின்றனர். கோலும் ஈக்களும் பெரும்பாலும் அவர்களே தருவர். எனினும் பயணிகள் எடுத்து வர வேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. குளிருக்கு ஏற்ற கம்பளி உடைகள், மழைச்சட்டை, தொப்பி, மார்பு வரை வரும் நீர்புகா உடை, பாசிக் கல்லில் வழுக்காத காலணி, நீரின் மினுமினுப்பை விலக்கி உள்ளே நீந்தும் மீனைக் காட்டும் போலராய்டு கண்ணாடி, மாநில மீன்பிடி உரிமச் சீட்டு ஆகியவை அதில் அடங்கும். சொந்தக் கருவிகள் உடையவர் ஒன்பது அடிக் கோல், ரீல், மிதக்கும் நூல், அதன் முனையில் முடியும் மெல்லிய நைலான் நரம்பு, ஈக்களை அடுக்கிய சிறு பெட்டி ஆகியவற்றையும் எடுத்துச் செல்வர்.

பெட்டிக்குள் இரு பகுதிகள்

ஈப் பெட்டியைத் திறந்தால் அதன் வேலைப்பாடு வியப்பளிக்கும். 1922-இல் மிச்சிகன் மாநிலத்தில் முதலில் கட்டப்பட்ட ‘ஆடம்ஸ்’ என்னும் ஈ உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் உடல், மஸ்க்ரட் என்னும் நீரெலியின் மென்மயிரால் ஆயது. அதன் சிறகும் கழுத்து மயிரும் சேவலின் இறகுகள். நல்ல இறகுக்காகவே தனியாகச் சேவல்கள் வளர்க்கப்பட்டு, கொல்லப்பட்டு, தோலோடு கூடிய இறகுத் தொகுதியாக விற்கப்படுகின்றன. ‘எல்க் ஹேர் கேடிஸ்’ என்னும் மற்றோர் ஈக்கு எல்க் மானின் மயிரே சிறகாகிறது. மீனைக் கொல்லவில்லை என்று கூறுவோர் கையிலுள்ள ஈயிலேயே வேறு உயிர்களின் இறப்பு கட்டப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதே பையில் வேறு சில பொருள்களும் உண்டு. நன்னெறி அறிந்த தூண்டில்காரர் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்முகமாக நிற்கும் சிறு கூரை நசுக்கித் தட்டையாக்கிவிடுவார். அப்போது முள் எளிதில் கழன்று வரும். வாயிலிருந்து முள்ளை விரைவாக எடுக்க நீண்ட மூக்குடைய இடுக்கி வைத்திருப்பார். மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலம் உரியாதிருக்க, முடிச்சுக் கயிற்று வலைக்குப் பதிலாக ரப்பர் வலை வைத்திருப்பார். நீரின் வெப்பத்தை அளக்க வெப்பமானியும் உண்டு. நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். போராடிக் களைத்த மீன் பிழைப்பது கடினம். கோடையில் ஆற்றின் வெப்பம் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸை எட்டி நீடித்தால், மொன்டானா அரசு பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பைத் தடை செய்வது வழக்கம்.

ஆகவே இப்பெட்டியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒரு பகுதி மீனை ஏமாற்றிப் பிடிப்பதற்கு. மறு பகுதி பிடித்ததனால் நேரும் துன்பத்தைக் குறைப்பதற்கு. ஆயுதமும் மருந்தும் ஒரே பையில் பயணம் செய்கின்றன. மருந்து எடுத்துச் செல்வது கருணையின் அடையாளமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மருந்தை முன்கூட்டியே எடுத்துவைப்பவர் காயம் உண்டாகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறார். அறியாமல் நேர்ந்தது என்று பின்னர்க் கூற இடமில்லை. அறுவை மருத்துவரின் பையிலும் கத்தியும் மருந்தும் சேர்ந்தே உள்ளனவே என்று கேட்கலாம். அங்கே கத்தி யாருடைய நலத்துக்காகவோ, அவர் உடலின் மேலேயே படுகிறது. இங்கே முள் படுவது மீனின் உடலில். மகிழ்ச்சி அடைபவரோ கரையில் நிற்பவர். வேறுபாடு இதுவே.

மூன்று படிகள், நூற்றெட்டு வழிகள்

ஆசார்ய உமாஸ்வாமி அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வரும் வாயில்களைக் கூறுவது. அங்கே செயலுக்கு மூன்று படிகள் சொல்லப்படுகின்றன. செய்ய வேண்டும் என்று உறுதி கொள்ளுதல் சம்ரம்பம். அதற்குரிய கருவிகளையும் சூழலையும் சேர்த்தல் சமாரம்பம். செய்யத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும் நிகழும். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வகையாலும் நிகழும். வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களாலும் தூண்டப்படும். இவற்றைப் பெருக்கினால் 108 ஆகும். ஜபமாலையில் மணிகள் 108 அமைந்ததற்கு இக்கணக்கையே காரணமாகக் கூறும் பெரியோர் உண்டு.

பெட்டி கட்டுவது இக்கணக்கில் எந்த இடத்தில் நிற்கிறது? அது இரண்டாம் படியாகிய சமாரம்பம். பயணம் போவோம் என்று உறுதி கொண்டபோதே முதற்படி கடந்துவிட்டது. முள்ளும் நூலும் நண்பர் பையில் இருக்கட்டும், நான் உடைகளை மட்டுமே எடுத்துவைக்கிறேன் என்றாலும் படி மாறுவதில்லை. பயணத்தின் நோக்கம் எதுவோ, அதற்கே அவ்வுடைகளும் துணையாகின்றன. அதே அத்தியாயம் உயிரற்ற பொருள்களும் வினைக்கு இடமாகும் என்று கூறுகிறது. ஒரு பொருளை ஆக்குதல், வைத்தல், ஒன்றோடொன்று சேர்த்தல், செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றிலும் விழிப்பு வேண்டும் என்பது அதன் கருத்து. சேவல் இறகும் இரும்பு முள்ளும் தனித்தனியே கிடந்தபோது ஒன்றுமில்லை. அவற்றைச் சேர்த்துக் கட்டிய கணத்தில் ஒரு நோக்கம் அவற்றுள் புகுந்துவிடுகிறது.

நான்கு கஷாயங்களும் இங்கே தவறாமல் வருகின்றன. பொய் ஈ முழுக்க முழுக்க மாயமே. மீன் எவ்வளவு நன்றாக ஏமாறுகிறதோ அவ்வளவு திறமை என்று புகழப்படுகிறது. பெரிய மீனோடு எடுத்த படத்தைப் பிறருக்குக் காட்டுவதில் செருக்கு. ஒன்று கிடைத்தபின் அதனினும் பெரிதை நாடுவது உலோபம். நூல் அறுந்து மீன் தப்பினால் எழுவது வெகுளி. தூண்டில்காரர்களே இவற்றைத் தங்களுக்குள் நகைச்சுவையாகப் பேசிக்கொள்வர். அவர்களுக்கு அது நகைச்சுவை. நமக்கு அது வினைக்கணக்கு.

எண்ணத்தின் வலிமைக்கு நம் நூல்கள் காட்டும் சான்றே ஒரு மீன்தான். பெருமீனின் அருகில் வாழும் அரிசியளவான தந்துல மத்ஸ்யம், திறந்த வாய்க்குள் வந்து தப்பிச் செல்லும் சிறு மீன்களைக் கண்டு, ‘நானாக இருந்தால் ஒன்றையும் விடமாட்டேன்’ என்று எண்ணியது. ஒன்றையும் அது தின்னவில்லை. தின்னும் ஆற்றலும் அதற்கில்லை. ஆயினும் அந்த எண்ணத்தாலேயே ஏழாம் நரகம் எய்தியது என்பது கதை. பாவ ஹிம்சை என்பது இதுவே.

வலியில்லை, இறப்பில்லை என்னும் வாதங்கள்

மீனுக்கு வலி தெரியாது என்பர் சிலர். 2002-இல் ஜேம்ஸ் ரோஸ் என்னும் அறிஞர், மனிதருக்குள்ளது போன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லாமையால் வலியுணர்வும் இல்லை என்று வாதிட்டார். 2003-இல் லின் ஸ்னெடன் முதலியோர் வானவில் டிரவுட் மீனின் முகத்திலும் தலையிலும் 58 உணர்விகளை ஆராய்ந்து, அவற்றுள் 22 ஊறு உணர்த்தும் தன்மையுடையவை என்று கண்டனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இரையைத் தவிர்த்ததையும், உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்துக்கொண்டதையும் அவர்கள் பதிவு செய்தனர். அறிஞரிடையே வாதம் தொடர்கிறது. அந்த ஆய்வே மீனுக்குத் துன்பம் தந்து செய்யப்பட்டது என்பதும் வருந்தத்தக்கது. நம் அறநூல்கள் மீனை ஐம்பொறி உயிராகவே கொண்டுள்ளன. ஐயம் உள்ள இடத்தில் துன்பம் தராத பக்கம் நிற்பதே அறம். ஐயத்தின் பயனைத் தூண்டிலுக்கு அளிப்பது முறையன்று.

விடப்பட்ட மீன் இறப்பதில்லை என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்த மீனை விட்டே ஆக வேண்டும் என்னும் பகுதியில், 1981-இல் செய்த ஆய்வு ஒன்று உள்ளது. அங்கே கட்த்ரோட் டிரவுட் மீன் ஒன்று அப்பருவத்தில் சராசரியாக 9.7 முறை பிடிபட்டது. ஒருமுறை பிடிபடுவதால் இறப்பது ஆயிரத்துக்கு மூன்றளவே. இறப்புக் குறைவு என்று மகிழலாம். ஆனால் ஒரே மீன் ஒரே பருவத்தில் ஏறத்தாழப் பத்து முறை முள் தைத்து இழுக்கப்பட்டது என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. கனடாவில் 1992-இல் வெளியான மற்றோர் ஆய்வில், களைப்புறும்வரை விரட்டப்பட்ட வானவில் டிரவுட்களில் நூற்றுக்கு 12 இறந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 38 பங்கும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 72 பங்கும் இறந்தன. ஆய்வகத்து மீன்களுக்குரிய இக்கணக்கு ஆற்று மீன்களுக்கு அப்படியே பொருந்தாது. எனினும், ஒரு படம் எடுக்கும் நேரம் ஓர் உயிருக்கு எவ்வளவு நீண்டது என்பதை இது உணர்த்துகிறது.

ஐந்து முறை விடப்பட்ட மீன்

‘நம் கதைகளிலேயே மீனைப் பிடித்து விட்டவன் நற்கதி அடைந்தானே’ என்று அறிவுள்ள பிள்ளை கேட்கக்கூடும். உண்மைதான். மிருகசேனன் என்னும் மீனவனின் கதை அது. வலையில் முதலில் சிக்கும் மீனைக் கொல்லாமல் விட வேண்டும் என்று முனிவர் ஒருவர் அவனுக்கு விரதம் அளித்தார். முதலில் சிக்கிய மீனுக்கு அடையாளம் இட்டு நீரில் விட்டான். மீண்டும் வலை வீசினான்; அதே மீன் வந்தது. இவ்வாறு அன்று ஐந்து முறை அதே மீன் சிக்க, ஐந்து முறையும் அதனை விடுத்தான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே விடவில்லை. வெளியே படுத்தவன் பாம்பு தீண்டி இறந்தான். ஐந்து முறை மீனைக் காத்த புண்ணியத்தால் மறுபிறவியில் ஐந்து முறை இறப்பிலிருந்து காக்கப்பட்டான்.

இரண்டு இடத்திலும் செயல் ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஆனால் உள்ளத்தைப் பாருங்கள். மிருகசேனன் உணவுக்காக வலை வீசியவன். அவனுக்கு விடுதல் என்பது இழப்பு. பசியையும் மனைவியின் சினத்தையும் ஏற்றுக்கொண்டு, தன் தொழிலின் நடுவே ஒரு சிறு அறத்தைக் காத்தான். விரதம் அவனைக் கொலைத் தொழிலிலிருந்து வெளியே இட்டுச் செல்லும் முதற்படி. ஈத்தூண்டில்காரருக்கு விடுதல் இழப்பன்று. மீண்டும் பிடிப்பதற்கு மீன் ஆற்றில் இருக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. மிருகசேனன் மீனை விட்டதனால் கையில் எதுவும் இல்லாமல் திரும்பினான். இவரோ தேடி வந்த இன்பத்தை முழுவதும் பெற்ற பிறகே மீனை விடுகிறார். வெளிச்செயல் ஒன்றாயினும் பாவம் வேறு.

பொய் ஈயும் மாக்கோழியும்

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். தீக்கனாக் கண்ட யசோதரனிடம், தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். உயிரைக் கொல்ல மாட்டேன் என்ற மன்னன், தாயின் சொல்லை முற்றும் மறுக்க இயலாமல், மாவினால் செய்த கோழியை வெட்ட இசைந்தான். ஓர் உயிரும் அங்கே வதைபடவில்லை. ஆயினும் கொல்வது போன்ற எண்ணத்தோடு வாள் ஓங்கியமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். அப்பிறவிகளுள் ஒன்றில் யசோதரன் மீனாகவும் பிறந்தான்.

மாக்கோழியில் உயிர் இல்லை. கொல்லும் எண்ணம் மட்டுமே இருந்தது. தூண்டிலில் கொல்லும் எண்ணம் இல்லை என்கின்றனர். ஆனால் துன்புறும் உயிர் இருக்கிறது, அதனைத் துன்புறுத்தும் செயலும் அறிந்தே செய்யப்படுகிறது. மாவாலான கோழிக்கே அத்துணை விளைவு என்றால், உண்மைச் சேவலின் இறகை முள்ளில் கட்டி உண்மை மீனின் வாயில் தைப்பதைப் பாவனை விளையாட்டு என்று எவ்வாறு ஒதுக்க இயலும்?

பிற நாட்டார் நெறி

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், அந்நீருக்கே உரிய கட்த்ரோட் டிரவுட்டைப் பிடித்தால் விட்டே தீர வேண்டும். முள்ளில் எதிர்க்கூர் இருத்தல் கூடாது. மீனினத்தைக் காப்பது அவ்விதியின் நோக்கம். சுவிட்சர்லாந்திலோ 2008-இல் இயற்றப்பட்ட விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் எண்ணத்தோடே மீன் பிடிப்பதைத் தடை செய்கின்றன. தக்க காரணமின்றி விலங்குக்குத் துன்பம் தரலாகாது என்பது ஜெர்மானியச் சட்டம். பொழுதுபோக்கு மட்டும் அத்தக்க காரணமாகக் கருதப்படுவதில்லை. ஓரிடத்தில் விடாதிருப்பது குற்றம். மற்றோரிடத்தில் விடுவதற்காகவே பிடிப்பது குற்றம்.

உண்பதற்காகப் பிடித்தால் சரி என்று கூறும் பகுதியில் நாம் அவர்களோடு உடன்பட முடியாது. ஆனால் இன்பத்துக்காக மட்டும் ஓர் உயிரை வருத்துவது தக்க காரணமாகாது என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று. ஸ்ரீ சமந்தபத்ர ஸ்வாமிகளின் இரத்தினகரண்டகமும், அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் நீக்க வேண்டியதாகக் கூறும் அனர்த்த தண்டம் இதுவே. பயனின்றிச் செய்யும் தீமை என்பது அதன் பொருள். உயிர்வதைக்குரிய கருவிகளைப் பிறருக்கு வழங்குவதும் அதனுள் அடங்கும். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தூண்டில் கோல் வாங்கித் தரும் தாத்தாவும் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மை நோக்கி ஒரு வினா

‘ஏர் உழும்போது எத்தனை மண்புழு மடிகிறது? பூச்சிமருந்து தெளிக்கும்போது எத்தனை உயிர் அழிகிறது? அவற்றைச் செய்யும் குடும்பத்தார் என் தூண்டிலைக் குறைகூறலாமா?’ இவ்வாறு ஒரு நண்பர் கேட்டால் சினங்கொள்ளக் கூடாது. வினா நேர்மையானது.

இல்வாழ்வானுக்கு உழவிலும் சமையலிலும் நேரும் ஊறு ஆரம்பீ, உத்யோகீ வகைகளைச் சார்ந்தது. தன்னையும் பிறரையும் காக்க நேரும்போது நிகழ்வது விரோதீ. இம்மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்பதே அணுவிரதியின் கடமை. ஆனால் எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பீ ஹிம்சையை அவன் முற்றிலும் விட வேண்டும். உழவனுக்கு மண்புழு பிழைத்தால் மகிழ்ச்சி; தூண்டில்காரருக்கு மீன் சிக்காவிடில் அன்றைய பயணமே வீண். இவ்வேறுபாட்டால் நாம் தப்பித்துவிட்டதாகவும் எண்ணலாகாது. தேவைக்கு மேல் தெளிக்கும் ஒவ்வொரு சொட்டு மருந்தும் ஆரம்பீ வகையிலிருந்து அனர்த்த தண்டத்தை நோக்கி நகர்கிறது. அந்நண்பரின் வினாவுக்கு நாம் தரும் சிறந்த விடை, நம் வயலில் நாம் காட்டும் விழிப்பே.

அவர்களிடமிருந்து கற்க வேண்டியதும் உண்டு. 1959-இல் மிச்சிகன் மாநிலத்து ஆசேபிள் ஆற்றங்கரையில் தூண்டில்காரர்கள் தொடங்கிய ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்னும் அமைப்பு ஆறுகளைக் காக்கும் பணி செய்து வருகிறது. ஓர் ஆற்றின் பாசி மற்றோர் ஆற்றைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக அவர்கள் காலணியைத் தேய்த்துக் கழுவி உலர்த்துகின்றனர். நியூசிலாந்தில் 2004-இல் டிடிமோ என்னும் நுண்பாசி கண்டறியப்பட்டபின், அதனைச் சுமந்து செல்லக்கூடிய கம்பளி அடித்தளக் காலணிகள் 2008-இல் தடை செய்யப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத உயிர் தம் காலணியில் ஒட்டிச் செல்லக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் அந்த விழிப்பு, நீரை வடிகட்டிப் பருகும் நமக்கு அந்நியமானதன்று. அவ்வளவு கவனம் உடையவர்கள் தூண்டில் முள்ளையும் ஒருநாள் கரையில் வைத்துவிடுவார்கள் என்று நம்புவதே நல்லெண்ணம்.

பெட்டியை மூடுமுன்

இனி, அந்த இளைஞர் செய்ய வேண்டியது என்ன? ஆற்றங்கரைக்குச் சென்றபின் ‘நான் தொடமாட்டேன்’ என்று ஒதுங்கி நிற்பதைவிட, அழைப்பு வந்த அன்றே தம் விரதத்தைப் பணிவோடு எடுத்துரைப்பது நன்று. சம்ரம்பத்திலேயே நிறுத்தினால் சமாரம்பம் இல்லை. படகில் அமர்ந்து, மீன் சிக்கும்போது கைதட்டி, படம் எடுத்துத் தந்தாலும் அது உடன்பாடாகிய அனுமோதனையே. வழிகாட்டிக்குரிய கட்டணத்தில் பங்கு கொடுத்தால் அது செய்வித்தலாகும். நண்பர்களின் நட்பை இழக்க வேண்டியதில்லை. வேறொரு நாளில் அதே ஆற்றங்கரையில் நடந்து செல்லும் பயணத்துக்கு அவரே அவர்களை அழைக்கலாம். அப்பயணத்துக்கு அவர் கட்டும் பெட்டியிலும் மழைச்சட்டை, தொப்பி, போலராய்டு கண்ணாடி ஆகியவை இருக்கும். நீரின் மினுமினுப்பை விலக்கி, கல்லுக்கும் பாசிக்கும் இடையே அசையும் மீனை அக்கண்ணாடி காட்டும். காண்பதோடு நிறைவடையும் கண்ணுக்கு முள் தேவையில்லை.

பெற்றோரும் ஒன்றை நினைக்க வேண்டும். தொலைவில் உள்ள பிள்ளை இவ்வாறு ஒரு வினாவைக் கேட்கிறான் என்றால், அவனுள் அறம் இன்னும் விழித்திருக்கிறது என்று பொருள். கேட்காமலே போய்வந்திருக்கலாம் அல்லவா? அத்தகைய வினாவைக் கடிந்து அடக்கினால் அடுத்த வினா நம்மிடம் வராது. காரணத்தை எடுத்துரைத்து முடிவை அவனிடமே விடுதல் வேண்டும். அவன் தானே மேற்கொள்ளும் விரதமே அவனுக்குத் துணையாகும்.

தூண்டில் பயணம் நம்முள் சிலருக்கே நேரும். பெட்டி கட்டுவதோ எல்லோருக்கும் நேர்வது. தொழிலுக்கோ திருமணத்துக்கோ யாத்திரைக்கோ எங்குப் புறப்பட்டாலும், பெட்டியை மூடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதில் உள்ள பொருள் எந்த உயிரின் துன்பத்தால் ஆனது? இது எந்த உயிருக்குத் துன்பம் செய்யப் போகிறது? அத்துன்பம் இன்றியே என் பயணம் நிறைவேறாதா? மூன்றாம் கேள்விக்கு ‘நிறைவேறும்’ என்று உள்ளம் விடை கூறினால், அப்பொருளை எடுத்து வெளியே வைத்துவிடுவோம். பெட்டியின் சுமையும் குறையும். வினையின் சுமையும் குறையும்.